மிசாகியின் வாயில் வள்ளியின் வார்த்தை

“கோவம்னா கோவப்படுங்க. ஆனா என் கண்ணு முன்னால இருந்து கோவப்படுங்க.”

படுக்கையறைக்குள்ளிருந்து வந்தது அந்தக் குரல். பெண் குரல். இளமையான குரல். அறைக் கதவு சாத்தியிருந்தது.

ஒரு செருப்பைக் கழற்றி, மற்றதைக் கழற்றாமல் அப்படியே நின்றுவிட்டாள் வள்ளி. சாப்பாட்டுப் பை கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. டப்பா உருண்ட சத்தம்கூட அவள் காதில் விழவில்லை.

“இல்லம்மா. அழக்கூடாது. அழுகை வருது, ஆனா அதை முழுங்கிட்டுச் சொல்லணும். ‘ஆனா’ன்னு சொன்ன பிறகு ஒரு மூச்சு விடு.”

இது அவள் கணவர் நல்லசிவத்தின் குரல்.

“கோவம்னா கோவப்படுங்க. ஆனா... என் கண்ணு முன்னால இருந்து கோவப்படுங்க.”

“ஆங்! இப்ப சரி. இன்னொரு தடவை சொல்லு.”

இன்னொரு தடவையாம்! தன் வீட்டில், தன் படுக்கையறையில், கதவைச் சாத்திக்கொண்டு, எவளோ ஒருத்தி தன் புருஷனிடம் இப்படிச் சொன்னால் எந்தப் பெண்ணுக்குத்தான் நெஞ்சு அடைக்காது? ஆனால் வள்ளிக்கு நெஞ்சு அடைத்தது அதனால் மட்டும் இல்லை. அந்த வார்த்தை அவளுடையது. அவள் வாயிலிருந்து ஒரே ஒரு முறை, ஒரே ஒரு ஆணுக்காக வந்த வார்த்தை. உலகத்தில் அதைக் கேட்டவர் ஒருவர்தான். அவர் இப்போது உள்ளே உட்கார்ந்து அதை வேறொருத்திக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

குடியரசு தின ஒத்திகைக்காகச் சாலைகளை அடைத்துவிட்டதால் லோதி ரோடு ஆபீஸை மத்தியானமே விட்டுவிட்டார்கள். போன் பண்ணிச் சொல்லாமல் வந்தது தப்போ சரியோ, வந்துவிட்டாள். வாசலில் வெள்ளைக் கேன்வாஸ் ஷூ ஒரு ஜோடி, ஊதா நிற நாடாவோடு கிடந்ததைப் பார்த்தும் பக்கத்து வீட்டுக்கு வந்தவர்களுடையது என்றுதான் நினைத்திருந்தாள்.

நல்லசிவத்துக்கு என்ன வேலை என்று வள்ளிக்குத் தெரியாமல் இல்லை. ஜப்பானிய டிவி தொடர் ஒன்றைத் தமிழில் பேசவைக்கிறார்கள். வசனம் எழுதுவது அவர். நொய்டாவில் ராஜகோபால் என்பவர் வைத்திருக்கும் ஸ்டூடியோவில் குரல் பதிவு நடக்கும். அங்கே ரிப்பேர் வேலை நடப்பதால் கடைசி எபிசோடை வீட்டிலேயே பதிவு செய்து அனுப்ப வேண்டும், டப்பிங் ஆள் வருவாங்க என்று காலையில் சொல்லியிருந்தார். ஆள் என்றால் ஆணா பெண்ணா என்று யார் கேட்டது? அவசரமாகப் பஸ் பிடிக்க ஓடுகிறவள் அதையெல்லாமா கேட்பாள்?

அவள் சுவரில் சாய்ந்தாள். எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது.

இந்த எரிச்சல் அவளுக்குப் புதிது அல்ல. கல்யாணமாகி டெல்லிக்கு வந்த வருஷத்திலிருந்தே அவளுக்கு ஒரு சக்களத்தி உண்டு. அந்தச் சக்களத்தியின் பெயர் ஜப்பான் பாஷை.

தென்காசியில் வளர்ந்த வள்ளிக்கு அரசாங்க வேலை கிடைத்ததும், டெல்லியில் வேலை பார்க்கும் நல்லசிவத்துக்கு அவளைப் பேசி முடித்தார்கள். கிட்வாய் நகரில் அவள் பெயரில் குவார்ட்டர்ஸ். வந்த புதிதில் அவளுக்கு ஹிந்தியும் தெரியாது, குளிரும் தெரியாது. சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்தால் பேச ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளோ, தோளில் பையை மாட்டிக்கொண்டு ஜப்பானிய வகுப்புக்குப் போய்விடுவார். ஞாயிற்றுக்கிழமை கூட வாய்க்குள் எதையோ முணுமுணுத்துக்கொண்டே இருப்பார். கத்தரிக்காய் நறுக்கும்போது முணுமுணுப்பு. தூக்கத்திலும் முணுமுணுப்பு.

ஒருநாள் இந்தியா கேட் புல்வெளியில் உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிட்டபோது, வெட்கத்தை விட்டுக் கேட்டாள். “ஜப்பான்காரங்க ஒருத்தர் மேல ஆசை வச்சிருந்தா அதை எப்படிச் சொல்லுவாங்க?”

“அவங்க சொல்ல மாட்டாங்க,” என்றார் நல்லசிவம்.

“நீங்களுமா?”

அவர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். பலூன்காரனைப் பார்த்துக்கொண்டிருந்தார். கையில் இருந்த ஐஸ்கிரீம் உருகி அவள் புடவையில் சொட்டியது. அதையாவது கவனித்தாரா என்றால், கர்ச்சீப்பை எடுத்துக் கொடுத்தார். அவ்வளவுதான். வாய் திறக்கவில்லை.

பிறகு டெல்லிக்குப் பக்கத்தில் மானேசரில் ஒரு ஜப்பானியத் தொழிற்சாலையில் மொழிபெயர்ப்பாளர் வேலை கிடைத்தது. ஒரு வருஷம் நாகோயாவுக்கு அனுப்பினார்கள். இப்போது வெளியூரில் படிக்கும் மகன் கார்த்தி அப்போது கைக்குழந்தை. திரும்பி வந்தவர், அங்கிருந்து போன் வந்தால் எழுந்து நின்று குனிந்து குனிந்து பேசுவார். என்ன குழைவு! என்ன சிரிப்பு! அந்தக் குரலில் இருந்த மென்மையில் கால்வாசி தனக்குக் கிடைத்திருந்தால் போதுமே என்று அடுப்படியில் நின்று வள்ளி ஏங்காத நாள் இல்லை. அவளிடம் பேசும்போது அவருக்கு இருந்த பாஷை ஒன்றே ஒன்றுதான். “ம்.”

சாப்பாடு நல்லா இருக்கா? ம். இந்தப் புடவை நல்லா இருக்கா? ம். நான் இல்லைன்னா என்ன பண்ணுவிய? ம்.

தொழிற்சாலையில் அவர் பிரிவை ஒருநாள் மூடிவிட்டார்கள். அதன் பிறகு அந்த ‘ம்’ கூட நின்றுபோயிற்று. வேலைக்குப் போகிற பெண்டாட்டி, வேலை இல்லாத கணவன். அவள் எதைச் சொன்னாலும் குத்தலாகப் பட்டது அவருக்கு. ஒருநாள் காஸ் சிலிண்டர் விஷயமாக ஏதோ சொன்னாள். அவர் பெட்டியை எடுத்துக்கொண்டு சென்னையில் இருந்த தம்பி வீட்டுக்குப் போய்விட்டார். போனவர் பேசவில்லை. நாள்கள் போயின. டெல்லிக் குளிரில் தனியாக, பஞ்சு வைத்த ரஜாயைப் போர்த்திக்கொண்டு படுத்தால் கட்டிலில் அவர் படுக்கும் பக்கம் ஐஸ் மாதிரி இருந்தது.

கடைசியில் அவள்தான் போன் போட்டாள். என்ன சொல்ல வேண்டும் என்று யோசித்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோயிற்று. வாயில் வந்தது இதுதான்: “கோவம்னா கோவப்படுங்க. ஆனா என் கண்ணு முன்னால இருந்து கோவப்படுங்க.”

அவர் கேட்டுக்கொண்டார். போனை வைத்துவிட்டார். அடுத்த நாள் ரயில் ஏறி, அதற்கடுத்த நாள் காலையில் வாசலில் நின்றார். அந்தப் பேச்சை அதற்குப் பிறகு இருவருமே எடுத்ததில்லை. அவர் மறந்துவிட்டார் என்றே வள்ளி நினைத்திருந்தாள். மறந்தாலும் பரவாயில்லை, திரும்பி வந்தாரே என்று மனசைத் தேற்றிக்கொண்டிருந்தாள்.

மறக்கவில்லை. எழுத்து பிசகாமல் வைத்திருந்திருக்கிறார். அதுவும் உள்ளே இருக்கிற இவளுக்குத் தருவதற்காக!

உள்ளே அந்தப் பெண் சிரித்தாள். “சார், ஒரிஜினல்ல மிசாகி என்ன சொல்றா? இவ்வளவு லம்பாவா, நீளமா சொல்றா?”

“இல்லம்மா. ‘இகனாய்தே. ஸுகி தகரா.’ அவ்வளவுதான். போகாதே, பிடிச்சிருக்கு, அதனால. ரயில் கிளம்புது. அவன் கோவிச்சுக்கிட்டுப் போறான். அவ முகம் நமக்குத் தெரியாது, முதுகுதான் தெரியும். அதனால வாயசைவு பத்திக் கவலை இல்லை. நீட்டிச் சொல்லலாம்.”

“ஸுகின்னா லவ்வா?”

“பிடிச்சிருக்குன்னு அர்த்தம். குழம்பு பிடிச்சிருந்தாலும் அதே வார்த்தைதான், ஆள் பிடிச்சிருந்தாலும் அதே வார்த்தைதான். காதலிக்கிறேன்னு சொல்ல ‘ஐஷிதெரு’ன்னு ஒண்ணு இருக்கு. ஆனா ஆயுசு முழுக்க அதைச் சொல்லாமலே வாழ்ந்து முடிச்சவங்க அங்க ரொம்பப் பேர். ஆரம்பத்துல ஒரு தடவை முறையாச் சொல்லுவாங்க. உங்களைப் பிடிச்சிருக்கு, என்னோட பழகுங்கன்னு. அதுக்கு எதிராளி சரின்னு சொன்னா, அன்னையிலிருந்துதான் அவங்க ஜோடி. அப்புறம் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கிட்டு இருக்க மாட்டாங்க. மிசாகி இந்தப் பத்து எபிசோடா அவனுக்குச் சாப்பாடு கட்டிக் கொடுக்கா, குளிருதான்னு கேக்கா. கடைசியிலதான் வாயைத் திறக்கா. அந்த ஒரு வார்த்தைக்குத் தமிழ்ல என்ன போடுறதுன்னு எனக்குத் தூக்கமே வரலை. ‘உன்னைக் காதலிக்கிறேன்’னு எழுதினேன். மேடை நாடகம் மாதிரி இருந்துச்சு. அப்புறம் இது ஞாபகம் வந்துச்சு.”

“இதை நீங்க எழுதலையா சார்?”

“நான் எங்க எழுதுனேன்! ஒருத்தங்க சொன்னது.”

“யாரு?”

உள்ளே நாற்காலி கிரீச்சிட்டது. வள்ளி கதவோடு காதை வைத்தாள்.

“தெரிஞ்சவங்க,” என்றார் நல்லசிவம்.

தெரிஞ்சவங்க! இருபது வருஷத்துக்கு மேல் உப்புப் போட்டுச் சோறு போட்டவள், பிள்ளை பெற்று வளர்த்தவள், குவார்ட்டர்ஸ் வாங்கித் தந்தவள், கடைசியில் தெரிஞ்சவங்க!

வள்ளி கதவைத் தள்ளித் திறந்தாள்.

திறந்ததும் அவள் முதலில் பார்த்தது கணவரையும் அல்ல, அந்தப் பெண்ணையும் அல்ல. ரஜாயை. சத்தம் எதிரொலிக்கக் கூடாது என்பதற்காக அலமாரிக் கதவுகள் இரண்டையும் விரித்து, இருவரும் போர்த்திப் படுக்கும் ஜெய்ப்பூர் ரஜாயை அதன் மேல் கூடாரம்போலத் தொங்கவிட்டிருந்தார்கள். அந்தக் கூடாரத்துக்குள் மைக்கின் முன்னால் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். சுருட்டை முடி, காதில் ஹெட்போன், இருபத்து மூன்று வயசு இருந்தால் அதிகம். தன் ரஜாயின் ஓரம் அவள் தோளைத் தொட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் வள்ளிக்குக் கண் இருட்டியது.

“நீ எப்ப வந்த?” என்று எழுந்தார் நல்லசிவம்.

“வரக் கூடாத நேரத்துல வந்துட்டேனோ?”

“என்ன பேச்சு இது? இது சுபிக்ஷா. மிசாகிக்குக் குரல் கொடுக்கிற பொண்ணு. இவங்க அப்பா ஏர் ஃபோர்ஸ்ல இருந்தவர். பிறந்து வளர்ந்ததெல்லாம் இங்கதான். தமிழ் பேசுவா, ஆனா படிக்க வராது. அதான் ஒவ்வொரு வரியையும் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கு.”

சுபிக்ஷா ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் கைகூப்பினாள். “நமஸ்தே ஆண்ட்டி. ரஜாயை நான்தான் எடுத்துத் தொங்கவிட்டேன். சாரி. டீ கூட வேணாம்னு சார்கிட்ட சொல்லிட்டேன்.”

“அவர் எங்க டீ போடுவார்? அவருக்குத் தெரிஞ்சவங்க யாராவது வந்து போட்டாத்தான் உண்டு,” என்றாள் வள்ளி.

நல்லசிவத்தின் முகம் வெளுத்தது. சுபிக்ஷா ஒருவரையும் மற்றவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் முட்டாள் இல்லை.

வயிறு எரிந்தாலும் வீட்டுக்கு வந்தவளுக்குத் தொண்டையை நனைக்காமல் அனுப்பும் வழக்கம் வள்ளி பிறந்த வீட்டில் கிடையாது. டீ போட்டாள். இஞ்சியை அம்மியில் நசுக்கிய வேகத்தைப் பார்த்தால் அது இஞ்சி மேல் இருந்த கோபமாகத் தெரியவில்லை. நல்ல கப் மூன்று இருந்தும் இரண்டில்தான் ஊற்றினாள். விருந்தாளிக்கு எவர்சில்வர் டம்ளர்.

நல்லசிவம் பின்னாலேயே அடுப்படிக்கு வந்தார். தாழ்ந்த குரலில், “என்னத்துக்கு இப்படிப் பேசுத? சின்னப் பிள்ளை அது,” என்றார்.

“நான் பிள்ளையைச் சொல்லலை. உங்களைக் கேக்குதேன். யாரைக் கேட்டு அந்த வார்த்தையைக் கொடுத்திய?”

“எந்த வார்த்தை?”

“தெரியாத மாதிரி நடிக்காதிய! நான் வெளிய நின்னு எல்லாத்தையும் கேட்டாச்சு. எங்க மூச்சு விடணும்னுகூட சொல்லிக் கொடுக்கிய. நான் அன்னைக்கு எங்க மூச்சு விட்டேன்னு இன்னும் ஞாபகம் இருக்கு, இல்ல?”

“இருக்கு,” என்றார் அவர்.

அவ்வளவு சுலபமாக அதை ஒப்புக்கொள்வார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. வடிகட்டியை மேடையில் வைத்தாள்.

“அப்படி ஞாபகம் இருந்தா எங்கிட்ட ஏன் ஒரு நாளும் சொல்லலை? அன்னைக்கு போனை வச்சிய. வந்திய. குளிச்சிய. இட்லி சாப்பிட்டிய. சரி, இந்த மனுசனுக்குச் சொல்லத் தெரியாதுன்னு விட்டுட்டேன். இப்ப என்னன்னா அவகிட்டச் சொல்லுதிய, தூக்கம் வரலை, அப்புறம் இது ஞாபகம் வந்துச்சுன்னு! எவளோ ஒருத்திகிட்டச் சொல்ல வாய் வருது. எனக்கு மட்டும் வாய்க்குப் பூட்டா?”

“வேலைக்காகச் சொன்னேன், வள்ளி.”

“எனக்கும் ஒரு வேலை கொடுத்துச் சொல்லியிருக்கலாம்ல?”

படுக்கையறையில் சுபிக்ஷா இருமினாள். மெல்லிய சுவர். அந்தப் பக்கம் எல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறது என்பது இருவருக்கும் தெரிந்தது. இருந்தாலும் நிறுத்த முடியவில்லை.

“எனக்கு அந்தக் காட்சியைக் காட்டுங்க,” என்றாள் வள்ளி.

நல்லசிவம் லேப்டாப்பை அடுப்படிக்கே எடுத்து வந்து அவள் பக்கம் திருப்பி வைத்தார். மழை பெய்யும் ஒரு சின்ன ரயில் நிலையம். சாப்பாட்டுக் கடையில் வேலை செய்யும் மிசாகி, ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் ஓடி வருகிறாள். அவன் ரயிலில் ஒரு காலை வைத்துவிட்டான். மூச்சு வாங்க நின்று, பாதி அழுகையில் அவள் சொல்கிறாள். இகனாய்தே. ஸுகி தகரா. அவன் திரும்புகிறான். உடனே திரும்புகிறான். காலைக் கீழே வைக்கிறான். அவள் கையைப் பிடிக்கிறான். வாயைத் திறந்து, “ஓரெ மோ” என்கிறான்.

“இவன் என்ன சொல்லுதான்?”

“நானும்தான்னு சொல்லுதான்.”

வள்ளி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஜப்பான்காரிக்குக் கொடுத்து வைத்திருந்தது. அவள் ஒரு வார்த்தை சொன்னாள், உடனே ஒரு வார்த்தை திரும்பக் கிடைத்தது. கையும் கிடைத்தது. தனக்குக் கிடைத்தது போன் வைக்கும் சத்தம். இருக்கிறதெல்லாம் இருக்க, இப்போது தன்னிடம் இருந்த ஒரே வார்த்தையும் அவளுக்கே போக வேண்டுமாம்.

“இதை எடுத்துடுங்க,” என்றாள். கண்ணீர் கன்னத்தில் இறங்கியது, துடைக்கவில்லை. “வேற எதையாவது எழுதுங்க. இது வேண்டாம்.”

“வள்ளி, ராஜகோபால்கிட்ட இதைப் படிச்சுக் காட்டினப்ப என்ன சொன்னார் தெரியுமா? இந்த ஒரு வரிக்காகவே தொடர் ஓடும்னு சொன்னார். வேலை போன பிறகு, ஒருத்தர் என்னைப் பார்த்து நல்லா இருக்குன்னு சொன்னது இதுதான் முதல் தடவை. அடுத்த தொடரும் எனக்கே தரேன்னு சொல்லியிருக்கார். இதை எடுத்தா அந்தக் காட்சி செத்துப்போகும்.”

“சாகட்டும்.”

“ஊரே அழும் இதைக் கேட்டா.”

“ஊர் அழுகதுக்கா நான் சொன்னேன்? உங்களை வரவழைக்கச் சொன்னேன்! நாளைக்குப் பக்கத்து வீட்டுக்காரி டிவி பார்த்துட்டு எங்கிட்டயே வந்து சொல்லுவா, என்ன அழகா சொல்லிட்டான்னு. நான் பல்லைக் காட்டிக்கிட்டு ஆமான்னு தலையாட்டணுமா? அது எனக்குன்னு இருந்துச்சுங்க. நகை வேணும்னு கேட்டேனா, ஊர் சுத்தக் கேட்டேனா? அது ஒண்ணுதான் நம்ம ரெண்டு பேருக்கும் நடுவுல பேச்சுன்னு நடந்தது. அதையும் தூக்கி ஒரு சின்னப் பொண்ணு வாயில வச்சிட்டிய.”

நல்லசிவம் திரையையும் அவளையும் பார்த்தார். வழக்கமான ‘ம்’ கூட வரவில்லை. வேலைக்கும் அவளுக்கும் நடுவே நின்றுகொண்டிருந்தார். இத்தனை நாள் கழித்துக் கையில் கிடைத்த மரியாதை அந்தப் பக்கம். அழுதுகொண்டிருக்கும் பெண்டாட்டி இந்தப் பக்கம். எந்தப் பக்கம் போகப்போகிறார் என்று வள்ளி பார்த்துக்கொண்டே நின்றாள். இந்த முறை அவர் அந்தப் பக்கம் போனால், போகட்டும். இனி கூப்பிடுவதற்கு அவளிடம் வார்த்தை கிடையாது.

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். லேப்டாப்பில் அந்த வரியைத் தேடி எடுத்தார். கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார். பிறகு ஒவ்வொரு எழுத்தாக, கடைசியிலிருந்து முன்னோக்கி அழித்தார். மொத்தமாக அழித்திருக்கலாம். அப்படிச் செய்ய அவருக்கு மனசு வரவில்லை போலும்.

அந்த இடத்தில், ‘போகாதீங்க. உங்களைப் பிடிச்சிருக்கு’ என்று எழுதினார்.

“சுபிக்ஷா, வாம்மா. ஒரு சின்ன மாற்றம்.”

அந்தப் பெண் முணுமுணுக்கவில்லை. ஹிந்தி எழுத்தில் வரியைக் குறித்துக்கொண்டு ரஜாய்க் கூடாரத்துக்குள் போய் உட்கார்ந்தாள். சொன்னாள். இன்னொரு முறை சொன்னாள். மூன்றாவது முறையும் சொன்னாள். சுத்தமாக இருந்தது. உச்சரிப்பில் குறை இல்லை. ஆனால் கடையில் துணி எடுக்க வந்தவள், ‘இந்தக் கலர் பிடிச்சிருக்கு’ என்று சொன்னது மாதிரிதான் இருந்தது. ரயிலில் கால் வைத்தவன் இதைக் கேட்டுத் திரும்ப மாட்டான். டிக்கெட்டைச் சரிபார்த்துக்கொண்டு உள்ளே போய் உட்காருவான்.

கேட்டுக்கொண்டிருந்த வள்ளிக்கு உள்ளுக்குள் என்ன சந்தோஷம் என்கிறீர்கள்! அவ்வளவு நேரம் எரிந்த இடத்தில் தண்ணீர் ஊற்றியதுபோல இருந்தது. பாவம் மிசாகி என்று ஒரு வார்த்தை மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். சொல்லும்போதே சிரிப்பு வந்தது. இந்தச் சிரிப்பு பாவம்தான். ஆனால் வந்ததே!

ஹாலில் சோபாவில் போய் உட்கார்ந்துகொண்டாள். பதிவு முடிந்து அனுப்பிக் கொஞ்ச நேரத்துக்குள் நல்லசிவத்தின் போன் அடித்தது. ராஜகோபால். அவர் குரல் ஸ்பீக்கர் போடாமலே ஹால்வரை கேட்டது.

“என்ன சார் இது? அந்த வரி எங்க சார்? கண்ணு முன்னால கோவப்படுங்கன்னு வருமே! பிடிச்சிருக்காம், கிடிச்சிருக்காம்! என்ன ஆச்சு உங்களுக்கு?”

“அந்த வரி கிடைக்காது சார்.”

“ஏன் கிடைக்காது? நீங்கதானே எழுதினீங்க?”

“நான் எழுதலை சார். அது வேற ஒருத்தருக்குச் சொந்தம். தர மாட்டேன்னு சொல்லிட்டாங்க.”

“யாரு சார் அது? நான் பேசறேன். பெயர் போடணுமா, போட்டுருவோம்.”

நல்லசிவம் அறை வாசலுக்கு வந்தார். சோபாவில் இருந்த வள்ளியைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே போனில் சொன்னார்.

“என் பெண்டாட்டி சார். சென்னையில கோவிச்சுக்கிட்டு உக்காந்திருந்தவனை அந்த ஒரு வார்த்தையில டெல்லிக்கு இழுத்துட்டு வந்தவ. எங்கிட்ட யாரும் அப்படிச் சொன்னதில்லை. இனிமேயும் யாரும் சொல்லப்போறதில்லை. அதைப் போய் வித்துட்டேன் சார். என் தப்பு. அடுத்த தொடரை நீங்க வேற ஆள்கிட்டக் கொடுத்தாலும் எனக்கு வருத்தம் இல்லை.”

எதிர்முனையில் ராஜகோபால் என்ன சொன்னாரோ, வள்ளிக்குக் கேட்கவில்லை. அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷமாக ‘ம்’ என்று மட்டும் சொன்ன வாயா இது? தமிழில், சத்தமாக, மூன்றாம் மனுஷன் காதில் விழச் சொல்லிவிட்டாரே! அழுகையும் வந்தது, வெட்கமும் வந்தது. கூடவே, சொல்லித் தொலைத்ததை நேராக என்னிடம் சொல்லாமல் ராஜகோபாலிடம் சொன்னாரே என்ற கோபமும் ஓர் ஓரத்தில் வந்தது. அந்த ராஜகோபால் மேலும் கொஞ்சம் பொறாமை வந்தது என்றால் நம்புவீர்களா?

சுபிக்ஷா பையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். ரஜாயை நன்றாக மடித்துக் கட்டிலின் மேல் வைத்திருந்தாள். டம்ளரைக் கழுவியும் வைத்துவிட்டாள். வாசலில் உட்கார்ந்து ஷூ நாடாவைக் கட்டியவள், கட்டி முடித்த பிறகும் எழுந்திருக்கவில்லை.

“என்னம்மா, எதையாவது விட்டுட்டியா?” என்று கேட்டாள் வள்ளி.

“ஆண்ட்டி, ஒண்ணு கேக்கணும். கோபப்படக் கூடாது.” அவள் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். “அந்த டயலாக் ரிகர்சல்ல எனக்கு அழுகை அழுகையா வந்தது. சார் அழாதே அழாதேன்னு சொன்னார். அது ஆக்டிங் இல்ல ஆண்ட்டி. எனக்கு ஒருத்தன் இருக்கான். சண்டை போட்டுட்டு நாளைக்கு பெங்களூர் போறான். வேலை கிடைச்சிருச்சு. நான் என்னென்னவோ மெசேஜ் அனுப்பினேன். ஒண்ணுக்கும் ரிப்ளை இல்ல. அவன் தமிழ்ப் பையன்தான்.” நிமிர்ந்து பார்த்தாள். கண் சிவந்திருந்தது. “மைக்ல சொல்ல மாட்டேன். டிவியில வராது. அவன்கிட்ட மட்டும், ஒரே ஒரு தடவை, அதை நான் சொல்லிக்கட்டுமா?”

வள்ளி அவளைப் பார்த்தாள். காலையிலிருந்து சாப்பிட்டிருக்க மாட்டாள் போல, முகம் வாடியிருந்தது. கொடுக்கலாமா, கூடாதா? கொஞ்ச நேரத்துக்கு முன்புதான் அழுது புரண்டு மீட்டுக்கொண்டது. இன்னும் சூடு ஆறவில்லை. இவள் வாயில் அது மறுபடி வரும் என்று நினைத்தாலே நெஞ்சில் சுருக்கென்றது. ஆனால் ஊருக்கு ஒப்பிக்கக் கேட்கவில்லை இந்தப் பெண். ஒருத்தனை நிறுத்தக் கேட்கிறாள்.

“நேர்ல போய்ச் சொல்லுவியா?”

“இப்பவே போறேன் ஆண்ட்டி. ஸீதா, நேரா அவன் வீட்டுக்கு.”

“சரி, சொல்லிக்க,” என்றாள் வள்ளி. விரலை நீட்டினாள். “ஆனா ஒண்ணு. என் வீட்டுக்காரர்கிட்ட மட்டும் இனிமே அதைச் சொல்லக் கூடாது. ரிகர்சலுக்குக்கூட.”

சுபிக்ஷா அழுகையோடு சிரித்தாள். சட்டென்று எழுந்து வள்ளியைக் கட்டிக்கொண்டாள். வள்ளியின் கை கொஞ்சம் தயங்கி, பிறகு அவள் முதுகில் ஒரு தட்டு தட்டியது.

“ஜல்தி போ. ஒத்திகைக்கு ரோடெல்லாம் அடைச்சிருக்கான். மெட்ரோவுல போ.”

“ஓகே ஆண்ட்டி. சார், வரேன் சார்!”

“இரும்மா, லிஃப்ட் வரைக்கும் வாரேன்,” என்று நல்லசிவம் செருப்பைத் தேடினார்.

“நீங்க உக்காருங்க,” என்றாள் வள்ளி. “லிஃப்ட் எங்க இருக்குன்னு அவளுக்குத் தெரியும்.”

அவர் உட்கார்ந்தார். ஊதா நாடா போட்ட ஷூ தாழ்வாரத்தில் தடதடவென்று ஓடியது. வள்ளி கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டாள்.